எல்லாரையும் மதித்த மனிதர்

திண்டிவனத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த நூலகத்தின் நூலகர் யாரையும் எதுவும் கேட்க மாட்டார். படியேறி வருகிறவரைப் பார்த்து 'உங்களுக்கு என்ன வேண்டும்' என்று கேட்டால், அவரைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது என்று ஆகிவிடுமாம். அது வந்தவரைச் சிறுமைப்படுத்துவது என்பது அவர் கட்சி. ஆள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஊர், தொழில், கோயில், குளம் எல்லாவற்றையும் கணித்துவிடுவார். கணித்த கையோடு நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார். தாசில்தாருக்கும் எழுவார், தார் ரோடு போடுகிறவருக்கும் எழுவார். அதற்காகவே ஊரில் எல்லாருக்கும் அவரைப் பிடித்திருந்தது. எனக்கும் பிடித்திருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி சொல்லப்போவதைப் படித்தால் நான் அவர்மேல் வஞ்சம் வைத்திருப்பதாகத் தோன்றும். கொஞ்சம் வைத்திருக்கவும் செய்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. நூலகருக்கு மெலிந்த உடம்பு, கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை, ஒன்றும் இடாத நெற்றி. அவர் என்ன சாதி, எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியாது. அவரிடம் போய் அதைக் கேட்க யாருக்கும் துணிவு வரவில்லை. மற்றவர்களைப் பற்றியோ, அவருடைய மேஜை இழுப்பறையில் ஒரு நீள நோட்டே இருந்தது. உறுப்பினர் பெயருக்கு நேராக அவரவர் வழக்கத்தைக் குண்டுகுண்டாக எழுதி வைத்திருப்பார். 'வெள்ளிக்கிழமை மௌனம், பேச்சுக் கொடுக்கக் கூடாது.' 'துக்க வருஷம், சிரிப்புக் கதை தர வேண்டாம்.' 'அமாவாசைக்கு மேல்மலையனூர் போவார், கெடு இரண்டு நாள் தள்ளுக.' அங்கே அங்காளம்மனைப் பார்க்கப் போனவர்கள் புத்தகத்தைத் தாமதமாகக் கொண்டுவந்தால் அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அவர்கள் வாயைத் திறப்பதற்குள், "நல்ல தரிசனம் ஆயிருக்கும்" என்று தானே சொல்லி, தானே தலையாட்டிக்கொள்வார்.

அந்தக் காலத்தில் வாசகர்கள் அலமாரிப் பக்கம் போக முடியாது. மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும், நூலகர் எடுத்துத் தருவார். எங்கள் நூலகத்தில் வாயைத் திறந்து கேட்கவும் வேண்டியதில்லை. ஆளுக்குத் தக்க புத்தகம் தானாக வந்துவிடும்.

மயிலம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வாரம் தவறாமல் சைக்கிள் மிதித்து வருவார். அவருக்கு உரம், கிணறு, எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலை, கேப்பை இவற்றைத் தவிர வேறு புத்தகம் கிடைத்ததே இல்லை. ஒருநாள் அவருக்கே பொறுக்கவில்லை.

"ஐயா, பகல் பூரா மல்லாட்டையோடதான் மாரடிச்சிக்கினு இருக்கேன். குந்தி ரெண்டு பக்கம் படிக்கலாம்னாலும் அதேதானுங்களா? துப்பறியற கதை எதுனா..."

நூலகர் அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "உங்க தொழில் மேல எனக்கு எவ்ளோ மரியாதைன்னு உங்களுக்குத் தெரியாதுங்க" என்றார். ஆமணக்குச் சாகுபடி பற்றிய ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். விவசாயி அதையும் வாங்கிக்கொண்டு போனார். வேறென்ன செய்வார்? திட்டுகிறவனைத் திருப்பித் திட்டலாம். எழுந்து நின்று கும்பிடுகிறவரிடம் என்ன பேச முடியும்?

தண்டவாளம் பார்க்கும் ரயில்வே தொழிலாளி ஒருவர் சேரியிலிருந்து வருவார். அவர் வாசலில் தலை காட்டியதும் நூலகர் எழுந்து, அன்றைய செய்தித்தாளைத் தானே எடுத்துக்கொண்டு போய் வெளி வராந்தா பெஞ்சில் வைப்பார். "உள்ள வந்தா நாலு பேர் பார்வைக்குக் கூச்சப்படுவீங்க. இங்க காத்தாட இருக்கும்" என்பார். அந்த மனிதர் கூச்சப்பட்டு நான் பார்த்ததில்லை. ஒரு சித்திரை மாதம் அவர் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு, "காத்து உள்ள ஃபேன்லதான் சார் வருது" என்று சிரித்தபடி சொன்னார். மறுநாள் அந்த வராந்தா பெஞ்சில் புதிதாக ஒரு பனையோலை விசிறி இருந்தது.

என்னையும் மதித்தார். நான் அங்கே முதல் பெண் ஊழியர். விழுப்புரத்திலிருந்து ரயிலில் போய்வருவேன். எங்களுக்குத் திருவாமாத்தூர்ப் பக்கம் கொஞ்சம் நிலம். நாற்பது ஆளுக்கு நடுவில் நின்று களை வெட்டியவள்தான் நான், யார் பார்வைக்கும் ஒளிந்தவள் இல்லை. ஆனால் வேலைக்குச் சேர்ந்த மறுநாள் காலையில் போனால், என் மேஜை நூலகத்தின் பின்மூலைக்குப் போயிருந்தது. இரண்டு பக்கம் அலமாரி, ஒரு பக்கம் சுவர், முன்பக்கம் ஆள் உயரத்துக்கு ஒரு மூங்கில் தட்டி.

"நல்ல குடும்பத்துப் பொண்ணு நீங்க. ஆம்பளைங்க வந்து போய்க்கினு இருக்கற எடத்துல உக்கார வெச்சா, உங்க அப்பாருக்கு நான் பதில் சொல்லியாவணும்" என்றார். என் அப்பாவை அவர் பார்த்ததே கிடையாது.

தட்டிக்குள் அவர் ஒருநாளும் காலெடுத்து வைத்ததில்லை. வெளியே நின்று இருமுவார். "அம்மா, கை நீட்டறேன்" என்பார். தட்டிக்கும் அலமாரிக்கும் நடுவிலிருந்த இடுக்கு வழியாக, மைக்கறை படிந்த விரல்களோடு ஒரு கை மட்டும் வரும். அதில் அட்டைக் கட்டு இருக்கும், ஒட்ட வேண்டிய தேதித் தாள் இருக்கும். வாங்கிக்கொண்டதும் கை போய்விடும். நூலகம் காலை எட்டிலிருந்து பதினொன்று, மாலை நாலிலிருந்து ஏழு. நடுவில் இருந்த ஐந்து மணி நேரத்துக்குள் விழுப்புரம் போய்த் திரும்ப ரயில் இல்லை. தனியாக இருக்கிறேனே என்று அவர் வெளிக்கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டுதான் சாப்பிடப் போவார். அதுவும் மரியாதைதான். பூட்டிய நூலகத்துக்குள், தட்டிக்குப் பின்னால், ஆறடிக்கு எட்டடி இடத்தில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் தின்ற அந்த மதியங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு மூச்சு முட்டுகிறது.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்கலாம். நான் தற்காலிக ஊழியர். ஒரு வருஷம் முடிந்ததும் என்னைப் பற்றி அவர் நல்லபடியாக எழுதினால்தான் வேலை நிரந்தரமாகும். ஆகாவிட்டால் வீட்டோடு இரு என்று அப்பா சொல்லியிருந்தார்.

என் மூலையில் ஒரு பின்கதவு இருந்தது, தாழ்ப்பாள் உள்பக்கம். திறந்தால் ஒரு சந்து. சந்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையின் புறக்கடை. கோட்டக்குப்பத்திலிருந்து வந்து திண்டிவனத்தில் கடை வைத்த பாய் அவர். மாலையில் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு நூலகத்துக்கு வருவார். அவர் வந்ததும் நூலகர் எழுந்து நின்று, சென்னையிலிருந்து தபாலில் வரும் உருதுப் பத்திரிகையைப் பிரித்து அவர் முன்னால் விரிப்பார். மேலிடத்துக்கு நாலு முறை எழுதிப் போராடி, பாய்க்காகவே வரவழைத்த பத்திரிகை. பாய் அதைக் கண்ணெதிரே பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பார். என் இடுக்கு வழியாகப் பார்த்தால் அவர் கண் பக்கத்து ஆள் கையிலிருக்கும் தமிழ்ப் பேப்பரில் இருக்கும்.

ஒருநாள் சந்தில் தண்ணீர் பிடிக்கும்போது அவரிடமே கேட்டேன்.

"எங்கூட்ல தமிழ்தான் தங்கச்சி" என்றார் பாய். "ஓதறதுக்கு அரபு எழுத்து தெரியும். அத வெச்சி இதுல எழுத்துக் கூட்டலாம், அவ்ளோதான். அர்த்தம் ஒண்ணும் தெரியாது. எங்க ஜனத்துல பாதிப் பேருக்கு உருது வராது. நாலு தரம் எழுதிப் போட்டு வாங்கியிருக்காரு மனுஷன். வேணான்னு எந்த மூஞ்ச வெச்சிக்கினு சொல்றது? ரெண்டு வருஷமா பக்கத்தத் திருப்பிக்கினு இருக்கேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தட்டிக்குள் நான் ஒருத்திதான் அடைந்து கிடக்கிறேன் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாய்க்கு ஒரு மகள். எஸ்.எஸ்.எல்.சி.யில் சயின்ஸில் மட்டும் தவறிவிட்டாள். மார்ச்சில் மறுபடி எழுத வேண்டும். தேறினால் ஆசிரியர் பயிற்சியில் சேரலாம், தவறினால் படிப்பு அதோடு முடிந்தது. அவளுடைய டீச்சர் ஒரு தடிப் புத்தகத்தின் பெயரை எழுதிக் கொடுத்து, அதைப் படித்தால் போதும் என்றிருக்கிறார். ஊரில் அது எங்கள் நூலகத்தில் மட்டும்தான் இருந்தது, ஒரே ஒரு பிரதி. வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது என்று முத்திரை குத்திய புத்தகம். அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும்.

தை மாதம் ஒரு மாலை பாய் மகளைக் கூட்டிக்கொண்டு முன்வாசல் வழியாக வந்தார். தலையில் முக்காடு, கையில் நோட்டு. நூலகர் எழுந்தார். பாய் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் அவர் கைகூப்பினார்.

"பாய், உங்க வழக்கம் எனக்குத் தெரியும். பொம்பளைப் புள்ளைங்கள வெளி ஆம்பளைங்க நடுவுல உக்கார வெக்க மாட்டீங்க. ஏதோ பரீட்ச அவசரம், கூட்டியாந்துட்டீங்க. அந்தச் சங்கடம் உங்களுக்கு வேணாம். அந்தப் புஸ்தகத்த நானே கைப்பட எழுதி உங்க ஊட்டுக்கு அனுப்பறேன்."

இரண்டு வருஷமாக உருதுப் பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எங்கள் வழக்கம் நீங்கள் நினைப்பது இல்லை என்று அந்த நிமிஷத்தில் எப்படிச் சொல்வார்? மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார். இருவரும் திரும்பிப் போனார்கள். நான் இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு சும்மா நின்றேன்.

சொன்னபடியே அவர் எழுதினார். மதியம் வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டார். வெளிக்கதவை அகலத் திறந்துவைத்து, நான் உள்ளே இருப்பதால் தான் வராந்தாவில் போய் உட்கார்ந்து, பதினொன்றிலிருந்து நாலுவரை எழுதினார். இருதயம், கண், தவளை எல்லாவற்றையும் பென்சிலில் வரைந்து, சிவப்பு மை, நீல மை தொட்டார். ஐந்நூறு பக்கப் புத்தகம். எழுதியதை மாலையில் இடுக்கு வழியாக என்னிடம் நீட்டுவார், நான் பின்பக்கமாகப் போய்க் கடையில் சேர்க்க வேண்டும். நாலு மணிக்குப் புத்தகம் என் பக்கத்து அலமாரிக்குத் திரும்பிவிடும்.

"அக்கா, இவரு எழுதற வேகத்துக்கு மின்சாரப் பாடம் வர்றதுக்குள்ள ஆடி மாசம் ஆயிடும்" என்றாள் அந்தப் பெண் சந்தில் நின்றுகொண்டு. கண் கலங்கியிருந்தது. "பரீட்ச மார்ச்சுலக்கா."

அவளைப் பார்த்து எனக்கு வந்தது இரக்கம் இல்லை, கோபம். யார்மேல் என்று தெரியாத கோபம். "நாளைக்கு நாலு மணிக்குப் பின்கதவத் தட்டாத, லேசா சொறிஞ்சா போதும்" என்றேன்.

மறுநாளிலிருந்து அவள் தட்டிக்குள் வந்தாள். தரையில் ஒரு பழைய சாக்கை விரித்து, அலமாரியில் சாய்ந்து உட்கார்ந்து படித்தாள். நூலகர் பத்தடி தூரத்தில் இருந்தார். அவர் உள்ளே வர மாட்டார் என்ற ஒரே நம்பிக்கையில்தான் இதைச் செய்தோம். அவருடைய மரியாதையே எங்களுக்குக் காவல். பக்கம் திருப்பும் சத்தம் கேட்காமல் திருப்பினாள். தும்மல் வந்தால் முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டாள். மாசி வெயிலில் அந்த மூலையில் இரண்டு பேர் வியர்த்து ஊற்ற உட்கார்ந்திருப்போம். அவள் பயப்படவில்லை, படித்தாள். நான்தான் ஒவ்வொரு இருமலுக்கும் செத்துப் பிழைத்தேன். பிடிபட்டால் எனக்கு வேலை போய்விடும்.

ஒருநாள் நான் அலமாரியின் அடித்தட்டில் குனிந்திருந்தபோது இருமல் கேட்டது. "அம்மா, கை நீட்டறேன்." அன்று எழுதிய தாள்களோடு கை வந்தது. நான் போவதற்குள் அந்தப் பெண்ணே எழுந்து வாங்கிக்கொண்டாள். கை போய்விட்டது. தாளில் மனிதக் காதின் படம், மூன்று வண்ணத்தில் இருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "பாவம்க்கா" என்று வாயசைத்தாள். எங்களை அடைத்துப்போட்டதும் அந்தக் கைதான், அவளுக்காக வெயில் வேளையில் எழுதி எழுதி வீங்கிப்போனதும் அந்தக் கைதான்.

பரீட்சைக்குப் பத்து நாள் இருந்தபோது மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் ஜீப்பில் வந்து இறங்கினார். அவருக்கு எங்கள் நூலகரின் பழக்கங்கள் ஒன்றும் கிடையாது. நேராகப் பின்மூலைக்கு வந்து தட்டியை ஒரே இழுப்பில் ஒதுக்கினார்.

"யார்யா இது? வெளி ஆள உள்ள வெச்சிருக்கீங்க?"

அந்தப் பெண் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். அதிகாரிக்குப் பின்னால் நூலகர் நின்றிருந்தார். தட்டி வைத்த பிறகு அந்த மூலைக்குள் அவர் பார்த்தது அன்றுதான். சாக்கைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், அதன் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்த தன் கையெழுத்துத் தாள்களைப் பார்த்தார். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. தான் எழுதிக்கொண்டிருந்த நாளெல்லாம் அவள் இங்கேயே உட்கார்ந்து படித்திருக்கிறாள் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. என் வேலை அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"என் ஏற்பாடுதாங்க சார்" என்றார். குரல் பிசிறியது. "முஸ்லிம் ஊட்டுப் பொண்ணு. அவங்க வழக்கத்துக்குக் கொறவு வராம மறைப்புக் கட்டிக் குடுத்திருக்கேன். இந்தம்மா கூட இருந்து பாத்துக்கறாங்க."

அதிகாரி தட்டியைத் தொட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "பேஷ்! இதத்தான் எல்லா ஊர்லயும் செய்யணும்" என்றார். அங்கேயே நின்று உத்தரவு எழுதினார். தட்டிக்குள் இருப்பது இனிமேல் பெண்கள் பகுதி. பொறுப்பு என்னுடையது. என் வேலை நிரந்தரம். காப்பியைக் குடித்துவிட்டு ஜல்தியாக ஜீப்பில் ஏறிப் போனார்.

ஜீப் சத்தம் ஓய்ந்ததும் அந்தப் பெண் புத்தகத்தோடு தட்டியைத் தாண்டி வெளியே போனாள். கூடத்தில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் இருந்தார்கள். அவள் அப்பாவும் இருந்தார். நேராக நூலகரின் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, நீங்க எழுதிக் குடுத்தத என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். இப்ப எங்கள விட்டுக் குடுக்காம பேசினதையும் மறக்க மாட்டேன். ஆனா அந்த மறைப்பு எங்க வழக்கம் இல்லீங்க. அதோ உக்காந்திருக்காரே எங்க அத்தா, அவருதான் என்னைக் கையப் புடிச்சி இங்க கூட்டியாந்தாரு. நான் இந்த பெஞ்சில உக்காந்து படிக்கறேன். எங்க வழக்கம் இன்னான்னு எங்களையே ஒரு தரம் கேட்டிருக்கலாமே ஐயா."

பாய் மெல்ல எழுந்து, "ஆமாங்க" என்று மட்டும் சொன்னார். நூலகர் தோள் துண்டை எடுத்து பெஞ்சின் ஓரத்தைத் துடைத்தார். "உக்காருங்க" என்றார். அவள் உட்கார்ந்தாள். பத்து நாளும் அங்கேயே உட்கார்ந்து படித்தாள். தேறினாள், பயிற்சியில் சேர்ந்தாள், பின்னால் கோட்டக்குப்பத்துப் பக்கம் டீச்சராகவும் ஆனாள்.

அதற்குப் பிறகு நூலகர் கேட்கப் பழகினார். கேள்வி அவருக்குச் சுலபமாக வரவில்லை. ரயில்வேக்காரரிடம் போய், "நீங்க... உள்ள..." என்று தடுமாறினார். அவர் மீதியைக் கேட்காமல் உள்ளே வந்து ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டார். மயிலத்து விவசாயி துப்பறியும் கதைகளாகப் படித்துத் தள்ளினார். இருவரையும் நான் இடுக்கு வழியாகத்தான் பார்த்தேன்.

தட்டி மட்டும் அப்படியே நின்றது. அது இப்போது உத்தரவு. பெண்கள் பகுதிக்கு எந்தப் பெண்ணும் வரவில்லை. வந்த இரண்டொருவரும் கூடத்திலேயே உட்கார்ந்தார்கள். உள்ளே நான் ஒருத்தி. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தப் பெண் ஒரே மூச்சில் சொன்னாளே, அதில் பாதி போதும். நாளைக்குச் சொல்லலாம் என்று தினமும் ரயிலில் நினைத்துக்கொண்டு வருவேன். என் வேலையைக் காப்பாற்றியவர், நான் செய்த திருட்டைத் தன் தலையில் போட்டுக்கொண்டவர், அதைப் பற்றி ஒரு சொல் கடிந்துகொள்ளாதவர். அவரிடம் போய் உங்கள் மரியாதை எனக்கு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? இப்படியே நாலு வருஷம் போய்விட்டது. என்னை நினைத்தால் எனக்கே ஆத்திரமாக வருகிறது.

அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. கடைசி நாளில் அவருக்கு மாலை போட்டார்கள், பாய் ஒரு வேட்டி கொடுத்தார். எல்லாரும் போன பிறகு அவர் பின்மூலைக்கு வந்தார். தட்டிக்கு வெளியே நின்று இருமினார். அந்த முறை கை வரவில்லை.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். எல்லாரையும் கேட்டுட்டேன், உங்கள மட்டும் கேக்கவே இல்ல" என்றார். "உங்களுக்கு இங்க ஒரு கொறையும் இல்லீங்களே?"

நான் எழுந்தேன். தட்டியின் விளிம்பைக் கையால் பிடித்தேன். ஒரு இழுப்பு இழுத்தால் போதும். அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

"ஒரு குறையும் இல்லீங்க ஐயா" என்றேன்.